பேனா டாக்டர்

பேச்சாயி வீட்டில் ஒரு சொல் மட்டும் புழங்குவதில்லை. ஊரெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்கிறது. கடையில் பருப்பு நிறுக்கிறவர் சொல்கிறார். முண்டியடித்து ஏறுகிற கூட்டத்தைப் பார்த்து பஸ் கண்டக்டர் சொல்கிறார். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் வாசலில் வந்து நிற்கிறவளைப் பார்த்துச் சொல்கிறாள். செத்த இரு. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள் என்பதற்குத் திண்டுக்கல் பக்கத்தில் அதைவிட லேசான பேச்சு கிடையாது. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற சொல் என்பதால் அதற்குள் சாவு இருப்பது யாருக்கும் கேட்பதில்லை. பேச்சாயிக்குக் கேட்டுவிட்டது.

அவள் புருஷன் கண்ணுசாமியின் கருமாதி முடிந்த மறுவாரம் கோழி வாங்க ஓர் ஆள் வந்தான். ஓரகத்தி கருப்பம்மாள் அடுப்படியிலிருந்தே, "செத்த இருங்க, வாரேன்" என்று குரல் கொடுத்தாள். பேச்சாயி கையிலிருந்த சுளகு, புடைத்துக்கொண்டிருந்த கேழ்வரகோடு சுவரில் போய் விழுந்தது. கோழிக்காரன் வந்த வழியே போய்விட்டான். சிந்தின கேழ்வரகைப் பேச்சாயி தானே அள்ளிச் சேர்த்தாள். விளக்கேற்றுகிற நேரத்தில், "அந்தச் சொல்லு இந்த வீட்டுல வேணாம் புள்ள" என்றாள். கருப்பம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் 'கொஞ்சம் பொறு' என்பார்கள், 'பைய வாரேன்' என்பார்கள். கொழுந்தன் ரங்கசாமிக்கு வாய் தவறிப் பாதிச் சொல் வந்துவிட்டால் இருமி அதை விழுங்கிக்கொள்வான்.

ஆத்தூர் ரோட்டில், மில்லுக்குத் தெற்கே இருந்தது ஊர். ஆண்களில் பாதிப்பேர் மில்லில் நூற்றார்கள். மீதிப்பேரும் பெண்களும் கிணற்றடி நிலத்தில் சின்ன வெங்காயமும் கத்தரியும் போட்டார்கள். வடக்கே திண்டுக்கல் மலை. வெயில் ஏறினால் அதுவும் வெளுத்துப்போய்ப் புழுதியோடு புழுதியாகிவிடும். மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் உலை வைப்பதும் மாட்டைத் தண்ணிக்கு விடுவதும்.

மில்லில் வாரச் சம்பளத்தில் இன்சூரன்சு என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். உடம்புக்கு முடியாமல் படுத்தால் மருந்து உண்டு, பாதிச் சம்பளம் உண்டு, வேலையும் போகாது என்றார்கள். ஆனால் முடியவில்லை என்பதை மில் ஒப்புக்கொண்ட டாக்டர் எழுதித் தரவேண்டும். வேறு யார் எழுதினாலும் செல்லாது. அப்படிப்பட்டவருக்குப் பேனல் டாக்டர் என்று பெயர். பேனல் என்றால் என்னவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பேனா தெரியும். அவரிடம் போவதே அந்தப் பேனாவுக்காகத்தான் என்பதால் பேனா டாக்டர் என்றே எல்லாரும் சொன்னார்கள். அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார். திண்டுக்கல்லில், பழனி ரோட்டில், தெய்வநாயகம்.

மில் கேட்டுக்கு எதிரிலேயே, புளியமரத்தடியில், ஓட்டு வீட்டில் ஒரு டாக்டரம்மா இருந்தாள். செபஸ்தியம்மாள் என்று பெயர். மதுரையில் படித்து வந்தவள். பாம்பு கடித்தாலும் பிரசவம் நின்றுபோனாலும் ஊர் அவளிடம்தான் ஓடியது. ஊசி டாக்டரம்மா என்பார்கள். அவளிடம் ஊசி இருந்தது, மருந்து இருந்தது, பேனாதான் இல்லை. தன்னையும் பேனலில் சேர்க்கும்படி அவள் மெட்ராசுக்கு எழுதிக்கொண்டே இருந்தாள்.

"ஒவ்வொரு வருசமும் ஒரு நொட்டை சொல்றான்" என்பான் மில் யூனியன்காரன் ஆண்டிச்சாமி. "மொதல்ல ஒக்கார பெஞ்சு இல்லேன்னான். டாக்டரம்மா பெஞ்சு போட்டுச்சு. பொம்பளையாளுக்கு மறைப்பு இல்லேன்னான். தட்டி வச்சு மறைச்சுச்சு. இப்ப என்னான்னா, உள்ளூர் டாக்டர்மாரோட அபிப்பிராயம் வேணுமாம். கேட்டு எழுதிருக்காம் மெட்ராஸ்ல."

"உள்ளூர் டாக்டர்மாருன்னா ஆரு மாமா?" என்று கேட்பான் ரங்கசாமி.

"ஆரு, பேனாதான்."

"அவரு என்னா எழுதுனாராம்?"

"இந்த ஊருக்கு நான் ஒருத்தன் போதும்னு எழுதிருக்காரு. பெறகு என்ன எழுதுவாரு, எம் பந்தியில வந்து பாதி எலையப் போட்டுக்கம்மான்னா எழுதுவாரு?"

இதையெல்லாம் கேட்டு அப்போது பேச்சாயியும் சிரித்திருக்கிறாள்.

கண்ணுசாமிக்குப் பஞ்சு உதறுகிற அறையில் வேலை. வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காது மயிரிலும் பஞ்சு படிந்திருக்கும். ஒரு சித்திரையில் காய்ச்சலோடு வந்தான். மூச்சு இழுக்கும்போது விலாவில் குத்தியது. செபஸ்தியம்மாள் குழாய் வைத்துப் பார்த்து, ஊசி போட்டு, "நெஞ்சுல சளி கட்டிருச்சு. நல்லாப் படுக்கணும். எந்திரிச்சு நடமாடக்கூடாது" என்றாள்.

"படுக்கச் சொல்றது நீங்க. மில்லு கேக்காதே டாக்டரம்மா" என்றான் கண்ணுசாமி. ஏற்கெனவே ஒரு தடவை சொல்லாமல் நின்றதற்கு அவனை எச்சரித்திருந்தார்கள். அவள் செத்த நேரம்... கொஞ்ச நேரம் குழாயைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு தாளில் நோயின் பெயரை எழுதி, இவரைப் பார்த்து ஓய்வுக்குக் கையெழுத்துத் தரவேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தாள்.

படுக்க வேண்டியவனை வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோனாள் பேச்சாயி. தெய்வநாயகத்தின் வராந்தாவில் பெஞ்சு நிறைந்திருந்தது. தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். தாளைக் கம்பவுண்டர் வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வந்து, "செத்த இரு" என்றான்.

அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே போய் வெளியே வந்தார்கள். தூணுக்கு அந்தப் பக்கம் இருந்த வெயில் இந்தப் பக்கம் வந்து கண்ணுசாமியின் முழங்காலில் ஏறியது. டாக்டர் சாப்பிட எழுந்து வெளியே வந்தார். பேச்சாயி கும்பிட்டு, "அய்யா" என்றாள். பார்க்காமலே, "செத்த இரு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கண்ணுசாமி தண்ணீர் கேட்டான். பானை உள்ளே இருந்தது, அறை பூட்டியிருந்தது. "செத்த இரு, அய்யா சாப்பிட்டு வந்துரட்டும்" என்றான் கம்பவுண்டர். அவன் தன் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கூப்பிட்டார்கள். டாக்டர் குழாயைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. செபஸ்தியம்மாள் எழுதிய தாள் அவர் முன்னால் கிடந்தது.

"அந்தம்மாகிட்ட வைத்தியம் பாக்குறவன் அந்தம்மாகிட்டயே கையெழுத்தும் வாங்கிக்க வேண்டியதுதானே."

"தெரியாமப் போயிட்டோம் சாமி" என்றாள் பேச்சாயி. அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நாக்கு கசக்கும்.

"இவன் உடம்புல ஒண்ணுமில்ல. நாளைக்கு வேலைக்குப் போகலாம்." பேனா தாளில் கீறுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் சங்குக்கு அவன் வேலைக்குப் போனான். மாலைச் சங்குக்கு முன்னால் பஞ்சு மூட்டை ஏற்றுகிற தள்ளுவண்டியில் வைத்துக் கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். செபஸ்தியம்மாள் வீட்டுப் பெஞ்சில்தான் உயிர் போனது. எந்தப் பெஞ்சு இல்லையென்று மெட்ராஸ் சொன்னதோ அந்தப் பெஞ்சு.

ஆண்டிச்சாமி ஒரு மனு எழுதிவந்து பேச்சாயியிடம் கைநாட்டு வாங்கிப் போனான். மனு மெட்ராசுக்குப் போனதோடு சரி.

அதன் பிறகு அவள் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகிற நாட்களில் பழனி ரோட்டில் இறங்கிவிடுவாள். எதிரே வேப்பமரத்தடியில் நின்று அந்தத் தூணைப் பார்ப்பாள். டாக்டர் எப்போது வருகிறார், எப்போது சாப்பிடப் போகிறார், வராந்தாவில் வெயில் எப்போது ஏறுகிறது, எல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. ஒருநாள் அவர் அவளைக் கடந்துபோய்க் காரில் ஏறினார். அடையாளம் தெரியவில்லை. அதுதான் அவளுக்குள் ஆழமாக இறங்கியது. கோபம் கத்துகிற கோபமாக இல்லை. உமிக்குள் வைத்த கங்கு மாதிரி, வெளியே தெரியாமல், அணையாமல் கிடந்தது.

"அந்தாளு வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டு வாக்கா" என்றாள் கருப்பம்மாள் ஒரு தடவை.

"மண்ணு காத்துல போயிரும்" என்றாள் பேச்சாயி.

மறுவருசம் வைகாசி பிறந்து, வெங்காயம் பிடுங்கிக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த சமயம், மெட்ராசிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். சின்ன வயது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செபஸ்தியம்மாள் வீட்டு வாசலில் ஊர் கூடிவிட்டது. பேச்சாயி புளியமரத்தில் சாய்ந்து நின்றாள். வீட்டில் கருப்பம்மாள் அப்போதுதான் சோளச்சோற்றுக்கு உலை வைத்திருந்தாள்.

அதிகாரி உள்ளே போனார். மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தார். ஊசி வேகவைக்கிற சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். படித்த பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்து, "இந்தம்மா உங்களுக்கு வேணுமா?" என்றார்.

"வேணும்" என்றது ஊர். பின்னாலிருந்து ஒரு கிழவன், "பின்ன ஒங்களையா வேணும்னு சொல்லுவோம்" என்றான். அதிகாரியும் சிரித்துவிட்டார்.

ஜீப்பின் மூக்கில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "புது ஆர்டர்ம்மா" என்றார் செபஸ்தியம்மாளிடம். "இனிமே கமிட்டி, உள்ளூர் அபிப்பிராயம், அதெல்லாம் கிடையாது. படிப்பு சரியா இருக்கு, இடம் சுத்தமா இருக்கு, ஜனங்க வேணும்னு சொல்றாங்க. அப்புறம் என்ன? இன்னையிலேருந்தே நீங்க எழுதிக் கொடுக்கலாம்."

பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ ஓடிப்போய்க் கல்கண்டு வாங்கிவந்தார்கள். செபஸ்தியம்மாள் கையில் தாளோடு நின்றாள். அவள் கண் கூட்டத்தில் தேடிப் பேச்சாயியிடம் வந்து நின்றது. பேச்சாயி கிட்டே போனாள். 

"இம்புட்டுத்தானா டாக்டரம்மா?" என்றாள் பேச்சாயி.

"இம்புட்டுத்தான்மா" என்றாள் செபஸ்தியம்மாள். தப்புச் செய்தவள் குரல் மாதிரி இருந்தது அது.

பேச்சாயி வீட்டுக்கு வந்தபோது உலை இன்னும் கொதிக்கவில்லை. அவள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்தாள். ஒரு பானைத் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் முடிகிற காரியம். கஷ்டமான காரியம், பெரிய இடத்துக் காரியம், மலையைப் புரட்டுகிற காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்த வரைக்கும் அவள் புருஷன் சாவுக்கு ஒரு கனம் இருந்தது. ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்து, ஒரு கேள்வி கேட்டு முடித்திருக்கலாம். அதைச் செய்யவிடாமல் ஒருத்தன் குறுக்கே உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு சுள்ளியை ஒடித்து அடுப்பில் செருகினாள்.

பின்னாலேயே ஆண்டிச்சாமி வந்தான். "ஏத்தா பேச்சாயி. பழைய டாக்டர்மாருக்கும் இனிமே புதுசா ஆர்டர் எழுதணுமாம். ஒன் மனு அந்த அதிகாரி கையிலதான் இருக்கு. சாப்பிட்டு வந்து மில்லு டைம் ஆபீசுல ஒக்காருவாரு. நாலு மணிச் சங்கு ஊதுனதும் பழனிப்பக்கம் கெளம்பிருவாரு. நீயா வந்து வாயால சொல்லணுமாம். வரலேன்னா குறை ஒண்ணுமில்லேன்னு எழுதி மூடிருவாரு."

பகல் வேலை ஆள் ஒருவன் பாதியில் போய்விட்டதால், ராத்திரி வேலை முடித்து வந்த ரங்கசாமி மறுபடி வேலைக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"மதினி, நான் ஒண்ணு சொன்னா வையக்கூடாது. எங்க ஸ்பின்னிங் மாஸ்டரு அந்த டாக்டருக்கு மச்சினன். எம் பேரு இப்பத்தான் பெர்மனென்டு ஆகுறதுக்குப் போயிருக்கு."

"தெரியும் தம்பி."

"அண்ணன் இனிமே வரப்போறதில்ல."

பேச்சாயி உலைமூடியை எடுத்துப் பார்த்தாள். அவன் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். கருப்பம்மாள் இரண்டுபேர் முகத்தையும் பார்க்காமல் கத்தரிக்காய் வெஞ்சனத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் தெருவில் கார் சத்தம் கேட்டது. அந்தத் தெருவுக்குள் கார் வந்ததே இல்லை. நாய்கள் பின்னாலேயே ஓடிவந்தன. தெய்வநாயகம் இறங்கினார். வேட்டியும் கோட்டும். வாசலில் புங்கமர நிழலில் கயிற்றுக் கட்டில் கிடந்தது. அதை ஒட்டி, தாள் அரிவதற்குக் குவித்த வெங்காயம்.

"பேச்சாயிங்கிறது நீதானேம்மா?"

"ஆமா."

"பேர மறக்கல பாத்தியா" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தார். "உள்ளூர் வைத்தியமா அலைஞ்சு, கடைசியிலதான் எங்கிட்ட வந்தான் ஒம் புருசன். முன்னாடியே வந்திருந்தா காப்பாத்திருப்பேன். எனக்கும் மனசுல இருக்கத்தான் செய்யுது."

பேச்சாயி நின்றாள். அவர் கழுத்தில் வேர்வை ஓடுவதைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

அவள் உடனே திரும்பி உள்ளே போனாள். கழுவின செம்பில் பானைத் தண்ணீர் மொண்டு, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்து செம்பை வாங்கினாள்.

"கேட்டீங்க, குடுத்துட்டேன்" என்றாள்.

அவருக்கு அதில் எதுவும் கேட்கவில்லை. வெயிலைப் பற்றிச் சொன்னார். வெங்காயம் இந்த வருசம் திரட்சிதான் என்றார். நடுநடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சாயி அதைப் பார்த்தாள். தன்னிடம் பதில் கேட்டு வாங்கிப்போக அவர் வரவில்லை, சங்கு ஊதுகிற வரைக்கும் தன்னை வாசலிலேயே நிறுத்திவைக்க வந்திருக்கிறார் என்று அவளுக்கு விளங்கியது.

"ஒன் கொழுந்தன் ரங்கசாமி நல்ல வேலைக்காரனாமே. மச்சினன் சொன்னான். பெர்மனென்டு ஆகுற நேரம். இந்த நேரத்துல வீட்டுப் பொம்பளையாளு கேட்டுப்பக்கம் போயி நின்னா நல்லா இருக்காது பாரு. நீ வெவரம் தெரிஞ்சவ. ஒரு பதில் சொல்லு, எனக்கும் திருப்தியா இருக்கும்."

பேச்சாயி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சொல்றேன். உள்ள ஒரு வேலை அரைகுறையாக் கெடக்கு. அத முடிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்."

நிறுத்தி, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"செத்த இருங்க."

உள்ளே கருப்பம்மாள் கையிலிருந்த அகப்பை விழுந்தது.

"இருக்கேன், இருக்கேன். அவசரமில்ல" என்று டாக்டர் காலை நீட்டிக்கொண்டார்.

அடுப்படியில் இரண்டு பெண்களும் நின்றார்கள். 

"புள்ள, ஒம் புருசன் வேலை போயிரும்" என்றாள் பேச்சாயி மெல்ல.

கருப்பம்மாள் மூலையிலிருந்த உலக்கையை எடுத்தாள். உரலில் ஒன்றும் இல்லை. ஒரு குத்து குத்திப் பார்த்தாள். வாசல்வரை கேட்கும்.

"பின்கதவு கிரீச்சுங்கும்க்கா. தூக்கித் தெற" என்றாள்.

பேச்சாயி கொல்லைக் கள்ளிவேலியைத் தாண்டி, வெங்காயம் பிடுங்கின வெறும் பாத்திகள் மேல் நடந்தாள். வெயிலில் மண் உள்ளங்காலைச் சுட்டது. உலக்கைச் சத்தம் பின்னாலேயே வந்தது. வாய்க்காலைத் தாண்டின பிறகும் கேட்டது.

டைம் ஆபீசில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரி, உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. ஆண்டிச்சாமி பக்கத்தில் வந்து நின்றான்.

"என்ன நடந்தது, சொல்லுங்க."

"கையெழுத்துக் கேக்கப் போனோம்."

அவர் காத்திருந்தார். அவள் மேசைமேல் கிடந்த மனுவைப் பார்த்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை.

"ஒக்கார வச்சாங்க. வெயிலு தூணுக்கு அங்கிட்டு இருந்து இங்கிட்டு வந்துச்சு. தண்ணி கேட்டாரு. குடுக்கல. பொழுதோட உள்ள கூப்புட்டு, தொட்டுப் பாக்காம, ஒண்ணுமில்ல, வேலைக்குப் போன்னு எழுதுனாரு. மறுநா செத்துப்போனாரு."

"தொட்டே பாக்கலையா?"

"கொழாய் கழுத்துலயே கெடந்துச்சு."

அதிகாரி மனுவைப் புரட்டினார். "நீங்க என்ன கேக்குறீங்கம்மா? நஷ்டஈடு ஏதாவது..."

"அது வேணாம். அந்தப் பேனாவ வாங்கிருங்க."

அவர் புரியாமல் ஆண்டிச்சாமியைப் பார்த்தார். தன் சட்டைப்பையில் இருந்த பேனாவைக்கூட ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பேனலத்தான்யா எங்க ஆளுக பேனாம்பாங்க" என்றான் ஆண்டிச்சாமி. "மில்லு ஆளுகளுக்கு அவரு கையெழுத்துப் போடக்கூடாதுங்குறா."

அதிகாரி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "சேக்குறதைச் சுலபமாக்கும்போதே எடுக்குறதையும் சுலபமாக்கிட்டாங்கம்மா. மெட்ராஸ்ல போயி அவரையும் கூப்பிட்டு விசாரிப்போம். விசாரணை முடியிற வரைக்கும் மில்லுக்கு அவர் எழுதிக் கொடுக்கிறது செல்லாது. அவரா இன்னைக்கே முன்னால வந்து, அன்னைக்குத் தொட்டுப் பாத்தேன்னு நிரூபிச்சா வேற விஷயம். எங்க இருக்காரு?"

"காத்துக்கிட்டிருக்காரு" என்றாள் பேச்சாயி.

அவர் தாளில் நான்கு வரி எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். பேனா கீறுகிற அதே சத்தம். "அவ்வளவுதான்மா, நீங்க போகலாம்."

"இம்புட்டுத்தானா?"

"இவ்வளவுதான்."

வெளியே வந்தாள். சுவரோரம் ரங்கசாமி நின்றுகொண்டிருந்தான். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. அண்ணன் ஜாடை அப்படியே இருந்தது. எப்போது வேலையை விட்டு வந்தான், எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. பேச்சாயி அவனைக் கடந்து நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். அப்போது சங்கு ஊதியது.

புங்கமரத்தடியில் நிழல் கட்டிலைவிட்டு நகர்ந்து வெங்காயக் குவியல்மேல் போயிருந்தது. டாக்டர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். காய்ந்த வெங்காயத் தாளின் நெடி ஏறி அவர் கண் இரண்டும் சிவந்து வழிந்தன. கைக்குட்டையால் துடைக்கத் துடைக்க இன்னும் வழிந்தது. தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"என்னடி இது, டாக்டரு அழுகுறாரு."

"கண்ணுசாமிய நெனச்சிருப்பாரு."

"இம்புட்டு நாளு கழிச்சா?"

"இன்னைக்குத்தான் சாவுத் தாக்கல் போயிருக்கும்."

சங்கு ஓய்ந்து கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மனசு லேசாகியிருந்தது முகத்தில் தெரிந்தது. உலக்கைச் சத்தம் வருகிற பக்கம் பார்த்து, "சரிம்மா, பதிலுக்கு ஒண்ணும் அவசரமில்ல. நான் வரேன்" என்றார்.

உலக்கை நின்றது. கதவை ஒட்டி வந்து நின்றவள் பேச்சாயி இல்லை, கருப்பம்மாள். அவளைப் பார்த்துவிட்டு, அவள் பார்க்கிற பக்கம் அவரும் திரும்பினார். சங்கு விட்டு வருகிற கூட்டம் தெருமுனையில் திரும்பியது. முன்னால் பேச்சாயி வந்தாள். முழங்கால்வரை செம்புழுதி. பின்னால் ரங்கசாமி. அதற்குப் பின்னால் தூக்குச்சட்டிகளோடு மில் ஆட்கள். 

"நீ... உள்ளதானே இருந்த?" என்றார் டாக்டர்.

"செத்த இருங்கன்னேன்" என்றாள் பேச்சாயி. "இருந்தீங்க. வேலை முடிஞ்சிருச்சு."

அவர் டைம் ஆபீஸ் பக்கம் பார்த்தார். ரோட்டில் ஜீப் பழனிப்பக்கம் போகிற புழுதி தெரிந்தது. கையில் கட்டியிருந்த கடிகாரத்தை மறுபடி பார்த்தார். ரங்கசாமியைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்துச் சொல்லாமல் விட்டார். கார் கதவு ஒரு தடவையில் மூடவில்லை. இரண்டாவது தடவை அடித்து மூடினார்.

"தூணு பாத்துப் போங்க டாக்டரய்யா" என்றாள் பேச்சாயி. தெருவில் தூண் எதுவும் இல்லை.

கார் போன புழுதி அடங்கியது. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. ரங்கசாமி கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். நாளைக்கு அவனை உள்ளே விடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. 

பேச்சாயி கட்டிலைத் தூக்கி நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து, அரிவாளைக் கால்விரலில் இடுக்கிக்கொண்டு வெங்காயத் தாள் அரியத் தொடங்கினாள். தாள் ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். கருப்பம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தாள். வெறும் உரலைக் குத்தின கை இரண்டும் கொப்புளம் கண்டிருந்தன. அவற்றை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தாள். 

"மனசு ஆறுச்சாக்கா?" என்றாள்.

பேச்சாயி நிமிரவில்லை. இன்னொரு காயை எடுத்தாள். தாளை அரிந்தாள். அதைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"செத்த இரு புள்ள" என்றாள்.